அப்பா பயப்படுகிறார் என்றால் விசுவாசம் குறைந்துவிட்டது என்று அர்த்தமா?

தங்கச்சி, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். குருநகரில் பிறந்து வளர்ந்து கடல் தொழில் செய்தே பிள்ளைகளை ஆளாக்கிய அப்பா, 72 வயதில் கணையப் புற்றுநோயோடு படுக்கையில். இனிச் சில மாதங்கள்தான் என்று வைத்தியர் உங்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். அவருக்குச் சொல்லவே கூடாது என்று சொந்தக்காரர் நிற்கிறார்கள். இரவில் திடுக்கிட்டு எழும்பி உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு "பயமாக் கிடக்கு பிள்ளை" என்கிறார். ஞாயிறு பூசை தவறாத மனிசன் இப்படிப் பயப்படுவது விசுவாசக் குறைவு என்று மாமி ஒருவர் சொல்லிவிட்டுப் போக, நீங்கள் அன்றிலிருந்து நித்திரை இல்லாமல் இருக்கிறீர்கள்.

நான் சுவாமியார் இல்லை, இறையியல் படித்தவளும் இல்லை. தாதியாக நீண்ட காலம் வேலை செய்துவிட்டு ஓய்வு பெற்றபின், பங்கில் வருத்தக்காரருக்கு வீட்டுக்கு நற்கருணை கொண்டுபோகிறேன். கட்டிலோரம் இருந்து பார்த்ததையும் வேதாகமத்தில் வாசித்ததையும் வைத்துத்தான் சொல்கிறேன்.

மாமி சொன்னது பிழை. இதை முதலில் மனதிலிருந்து எடுத்துப் போடுங்கள். அன்பில்தான் சொல்லியிருப்பார், ஆனாலும் பிழை. சாவுக்கு முந்தின இரவு கெத்சமனித் தோட்டத்தில் இயேசு என்ன செய்தார் என்று மாற்கு 14ஆம் அதிகாரத்தில் இருக்கிறது: திகிலடைந்தார், மனம் கலங்கினார், சாவு வருமளவுக்கு உள்ளம் துயரமாக இருக்கிறது என்று சீடர்களிடம் வாய்விட்டுச் சொன்னார், கூட விழித்திருங்கள் என்று கெஞ்சினார். எபிரெயர் நிருபம் இன்னும் ஒரு படி மேலே போய், அவர் உரத்த சத்தத்தோடும் கண்ணீரோடும் மன்றாடினார் என்கிறது. கடவுளின் மகனுக்கே பயம் வந்த இடத்தில் குருநகர்க் கடற்தொழிலாளி ஒருவருக்கு வரக்கூடாது என்று யார் சட்டம் போட்டது? நம்முடைய வேதம் சாவை நண்பன் என்று எங்கேயும் சொல்லவில்லை. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் பவுல் அதைக் கடைசிப் பகைவன் என்றுதான் எழுதுகிறார். பகைவனைக் கண்டு உடம்பு நடுங்குவது இயல்பு.

உங்கள் அப்பா கடல் தொழில் செய்தவர் என்பதால் யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரத்தை அவருக்கு மெதுவாக வாசித்துக் காட்டுங்கள் (ஒரே தரத்தில் முடிக்கவேண்டாம், களைத்துப்போவார்). இராமுழுக்க வலை போட்டும் ஒன்றும் படாத ஏழு பேர், விடியற்காலை, கரையில் ஒரு ஆள், வலப்பக்கம் போடச் சொல்கிறார், 153 பெரிய மீன். எண்ணிப் பார்த்திருக்கிறார்கள் பாருங்கள், தொழில் தெரிந்தவர்கள் எண்ணாமல் விடமாட்டார்கள். கரைக்கு வந்தால் கரிநெருப்பு மூட்டி மீனும் அப்பமும் ஆயத்தமாக இருக்கிறது. சாவை வென்று வந்தவர் களைத்துப்போன தொழிலாளிகளுக்குக் காலைச் சாப்பாடு செய்துகொண்டிருக்கிறார்.

அந்தக் கரிநெருப்பைக் கவனியுங்கள். அதே நற்செய்தியில் மூன்று அதிகாரம் முன்னால், பெரிய குருவின் முற்றத்தில் பேதுரு குளிர்காய்ந்துகொண்டு நின்றதும் கரிநெருப்புக்குப் பக்கத்தில்தான். அங்கேதான் உயிருக்குப் பயந்து, இயேசுவோடு தனக்குத் தொடர்பே இல்லை என்று மூன்று தரம் மறுத்தார். இப்போது கரையில், திரும்பவும் நெருப்புக்குப் பக்கத்தில், இயேசு பேதுருவிடம் மூன்று தரம் ஒரு கேள்வி கேட்கிறார். "இனிமேல் பயப்படமாட்டாயா?" என்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. "என்மேல் உனக்கு அன்பு இருக்கிறதா?" என்றுதான் கேட்கிறார். அதற்குப் பிறகு, வயது போன காலத்தில் நீ கையை நீட்டுவாய், வேறொருவர் உனக்கு உடுத்திவிட்டு, நீ விரும்பாத இடத்துக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போவார் என்கிறார். நீ விரும்பாத இடத்துக்கு! உயிர்த்தவரைக் கண்ணால் கண்டு, அவர் கையால் வாங்கிச் சாப்பிட்ட பேதுருவுக்கே சாகப் போக விருப்பம் இருக்காது என்று இயேசுவுக்கு முன்கூட்டியே தெரியும், அதை ஒரு குற்றமாக அவர் சொல்லவில்லை. அப்பாவின் விசுவாசத்தை அளக்க யாராவது வந்தால் இந்த இடத்தைக் காட்டுங்கள்.

மகள் குளிப்பாட்டிவிடுவதும் சறம் மாற்றிவிடுவதும் அப்பாவுக்கு வெட்கமாக இருக்கிறது என்று இடையில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். வேறொருவர் உடுத்திவிடுவார் என்ற அந்த வசனத்தை அவரும் கேட்கட்டும். என் அனுபவத்தில், வெளியே காட்டாவிட்டாலும், ஆம்பிளையளுக்குச் சாவைவிட இதுதான் பெரிய வேதனை. உங்கள் வீட்டில் வேறு ஆண்பிள்ளை ஒருவர் கைகொடுக்க முடிந்தால் நல்லது, இல்லாவிட்டால் கதைத்துக்கொண்டே செய்யுங்கள், பேசாமல் செய்யாதீர்கள்.

சரி, சொல்லலாமா வேண்டாமா என்ற கேள்விக்கு வருகிறேன். நான் வேலை செய்த வார்டில் ஒரு குடும்பம் நடைபாதையில் என்னை மறித்து, "அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ மிஸ், தாங்கமாட்டார்" என்றது. அன்று பின்னேரம் ஊசி போடப் போனபோது அந்த ஐயா என் காதுக்குள்ளே, "எனக்கு விளங்கீட்டுது மிஸ், வீட்டுக்காரருக்குச் சொல்லாதேங்கோ, அதுகள் தாங்காதுகள்" என்றார். அவர்களுக்கு இருந்தது பதினொரு நாள். அந்தப் பதினொரு நாளும் ஒருவருக்கொருவர் நடித்தே முடிந்தது, செத்தவீட்டில் மனைவி கதறியது இதைத்தான். அதனால், இராத்திரி பயமாக் கிடக்கு என்று அப்பா சொல்வதே அவருக்குத் தெரியும் என்பதற்கு அடையாளம் என்று நான் நினைக்கிறேன். நீங்களாக எல்லாவற்றையும் கொட்டவேண்டாம். "அப்பா, உங்களுக்கு என்ன நடக்குது எண்டு நினைக்கிறியள்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கள். அவர் எவ்வளவு தூரம் கேட்கிறாரோ அவ்வளவு தூரம் உண்மையைச் சொல்லுங்கள், பொய் மட்டும் சொல்லவேண்டாம். கேட்க விருப்பமில்லாவிட்டால் விட்டுவிடுங்கள், இன்னொரு நாள் கேட்பார்.

நாங்கள் யாழ்ப்பாணத்துச் சனம் சாவைத் தெரியாதவர்கள் இல்லை. 1995 யூலை 9 அன்று நவாலி புனித பேதுரு ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த சனத்தின்மேல் குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். 2009இல் முள்ளிவாய்க்காலில் அடக்கம் செய்யக்கூட நேரமில்லாமல் விட்டுவிட்டு வந்தவர்கள் உங்கள் ஒழுங்கையிலேயே இருப்பார்கள். நாங்கள் பழகியது சடுதியான சாவு. கட்டிலில், வீட்டில், பிள்ளைகள் பக்கத்திலிருக்க, மெதுவாக வருகிற சாவை என்ன செய்வது என்று எங்களுக்கு இன்னும் தெரியவில்லை, அதனால்தான் சொல்லாதே, அழாதே, கதைக்காதே என்று எல்லாரும் ஓடி ஒளிக்கிறோம் என்று எனக்குப் படுகிறது. பழைய புனிதர்களின் மன்றாட்டுமாலையில், சடுதியான, ஆயத்தமில்லாத சாவிலிருந்து எங்களை மீட்டருளும் என்று ஒரு மன்றாட்டு உண்டு. எங்கள் ஆச்சிமார் அதைச் சொல்லும்போது சாவே வேண்டாம் என்று கேட்கவில்லை, ஆயத்தப்பட நேரம் தாரும் என்றுதான் கேட்டார்கள். உங்கள் அப்பாவுக்கு அந்த நேரம் கிடைத்திருக்கிறது. இது இனிப்பான விசயம் என்று நான் சொல்லவரவில்லை, நோவும் களைப்பும் நிறைந்த நேரம் இது. என்றாலும் நேரம்.

அந்த நேரத்துக்குள் முதலில் பாதரைக் கூப்பிடுங்கள். இன்றைக்கோ நாளைக்கோ, மூச்சு இழுக்கிற நாள்வரை வைத்திருக்காமல். முந்தி அவஸ்தைப் பூசுதல் என்று சொன்னதால், எண்ணெயோடு சுவாமியார் படலையைத் திறந்தால் ஆள் முடிந்தது என்று சனம் பயந்தது, அந்தப் பயம் இன்னும் போகவில்லை. 1963இல் வந்த வத்திக்கான் சங்கத்தின் வழிபாட்டு ஏடே, இது சாகிற தறுவாயில் உள்ளவர்களுக்கு மட்டுமானதல்ல, நோயில் பூசுதல் என்று சொல்வதே பொருத்தம் என்று திருத்திவிட்டது. நெற்றியிலும் கையிலும் எண்ணெய் பூசி செபிப்பார்கள், யாக்கோபு நிருபம் 5ஆம் அதிகாரத்தில் இருப்பதுதான். அப்பா தெளிவாக இருக்கும்போது செய்தால் அவரும் சேர்ந்து செபிக்கலாம், பாவசங்கீர்த்தனம் செய்யலாம், மனதில் கிடக்கிற எதையாவது இறக்கி வைக்கலாம். கடைசி நாட்களில் கொடுக்கிற நற்கருணைக்கு வழியுணவு என்று பெயர், கடலுக்குப் போகும்போது கட்டிக்கொண்டு போன சாப்பாடு மாதிரி என்று சொன்னால் அவருக்கு உடனே விளங்கும்.

கோவமோ பகையோ யாரோடாவது இருந்தால் இப்போது பேசிவிடட்டும். காணி உறுதி, வள்ளம், யாருக்கு என்ன என்பதையும் அவர் வாயால் சொல்லவிட்டு நொத்தாரிசிடம் எழுதிவிடுங்கள். இது ஆசைபிடித்த வேலை என்று யாரும் சொல்வார்கள், கணக்கெடுக்காதீர்கள். சாகும் நோயில் கிடந்த எசேக்கியா அரசனிடம் ஏசாயா இறைவாக்கினர் வந்து முதலில் சொன்னதே உன் வீட்டு அலுவல்களை ஒழுங்குபடுத்து என்றுதான்.

நோவுக்கு மோர்பின் கொடுத்தால் கெதியாய்ப் போய்விடுவார், செபம் பண்ணுகிறவர்களுக்கு அது எதற்கு என்று மாமி கேட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். நோவில் துடிக்கிற ஆளால் செபிக்க முடியாது தங்கச்சி, இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். வைத்தியர் அளந்து தருகிற மோர்பினை அந்தந்த நேரத்துக்குக் கொடுத்தால் ஆள் உட்கார்ந்து கதைப்பார், பேரப்பிள்ளையோடு சிரிப்பார். நோவு ஏறட்டும் பிறகு பார்ப்போம் என்று பிந்தவேண்டாம், மோர்பினால் மலச்சிக்கல் வரும், அதற்கு மருந்தும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள், தெல்லிப்பழைக்குக் கிளினிக் போகிற நாளில் நோவு எத்தனை மணிக்கு எப்படி வருகிறது என்று எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள். திருச்சபையின் மறைக்கல்வி ஏடே வலிதணிக்கும் மருந்தை ஒத்துக்கொள்கிறது, சாகடிக்கும் நோக்கம் இல்லாதவரை அது ஆயுளைக் குறைக்கக்கூடும் என்றாலும்கூட. உடம்புக்குத் தாங்க முடியாத, பலன் தராத சிகிச்சையை நிறுத்துவதையும் அது தற்கொலையாகவோ கொலையாகவோ பார்ப்பதில்லை. 1847இல் அமெரிக்காவிலிருந்து வந்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த டாக்டர் கிறீன், விசுவாசத்தைப் பரப்ப வந்த மிஷனரிதான். இந்த மண்ணில் செபமும் மருந்தும் ஒரே கையால் கொடுக்கப்பட்டவை.

மாமி சுகமாக்கும் செபத்துக்குக் கூட்டிக்கொண்டு போகக் கேட்டால் அப்பாவுக்கு விருப்பமும் தெம்பும் இருந்தால் போகட்டும். சுகம் கேட்பது தப்பே இல்லை. ஆனால் விசுவாசம் இருந்தால் சுகம் வரும், வராவிட்டால் உன் விசுவாசம் போதாது என்று அங்கே யாராவது சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள். லாசரை இயேசு உயிரோடு எழுப்பினார், நயீன் ஊர் விதவையின் மகனை எழுப்பினார், யாயீரின் மகளை எழுப்பினார். அவர்கள் மூன்று பேரும் பிறகு ஒருநாள் செத்துத்தான் இருப்பார்கள். சுகம் என்பது தவணை. எங்கள் எதிர்நோக்கு அதைவிடப் பெரியது.

இந்த எதிர்நோக்கு என்ற சொல் எனக்குப் பிடிக்கும். முந்தி நாங்கள் விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என்று படித்தோம், புதிய மொழிபெயர்ப்பில் அது நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்று வந்தபோது வாயில் வரவே மாட்டேன் என்றது. இப்போதுதான் அதன் அருமை விளங்குகிறது. நம்பிக்கையோடு இருங்கோ என்று வார்டில் சொல்லும்போது, சுகம் வந்திடும், வீட்டுக்குப் போயிடலாம் என்றுதான் அர்த்தம், அடுத்த ஸ்கான் பிழைத்தால் அந்த நம்பிக்கையும் கூடவே போய்விடும். எதிர்நோக்குகிறவர் அப்படி இல்லை. வரவேண்டியவர் வருவார் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர் அவர், ஸ்கான் என்ன சொன்னாலும் வாசலிலிருந்து கண்ணை எடுக்கமாட்டார்.

எதை எதிர்நோக்குகிறோம் என்பதிலும் எங்களுக்குக் கொஞ்சம் மயக்கம் இருக்கிறது. மரண அறிவித்தல்களில் எல்லாரும் ஆத்மா சாந்தியடையட்டும் என்று போட்டுப் போட்டு, உடம்பு போனால் போகட்டும், ஆத்துமா எங்கேயோ பறந்துபோகும் என்பதே கிறிஸ்தவம் என்று நினைக்கிறோம். ஒவ்வொரு ஞாயிறும் நாங்கள் சொல்கிற விசுவாசப் பிரமாணத்தில் சரீர உத்தானம் என்று இருக்கிறது. வலை இழுத்துக் காய்ச்சுப்போன அந்தக் கை, உங்களைத் தூக்கி வளர்த்த அந்தத் தோள், இப்போது எலும்பும் தோலுமாகக் கிடக்கிற அந்த உடம்பு கடவுளுக்கு வேண்டும், அவர் அதை எறியமாட்டார். உயிர்த்த இயேசுவின் கையில் ஆணித் தழும்பு இருந்தது, பொரித்த மீன் துண்டு வாங்கிச் சாப்பிட்டார், ஆவி அல்ல என்று காட்டினார். சுடலை என்று சொல்லாமல் நாங்கள் சேமக்காலை என்கிறோமே, சேமம் என்ற சொல்லுக்குப் பத்திரமாக வைப்பது என்றும் பொருள் உண்டு. அங்கே அம்மாவுக்குப் பக்கத்தில் உங்கள் அப்பாவைப் பத்திரமாக வைப்பீர்கள், திரும்ப எடுப்பவர் ஒருவர் இருக்கிறார் என்ற எண்ணத்தோடு.

இதையெல்லாம் இரவு இரண்டு மணிக்கு அவருக்குப் பிரசங்கம் பண்ணவேண்டாம். அப்போது பெரிய வெளிச்சத்தைப் போடாமல், பயப்படாதேங்கோ என்றும் சொல்லாமல், "நான் இருக்கிறன் அப்பா" என்று கையைப் பிடியுங்கள். கெத்சமனியில் இயேசு சீடர்களிடம் கேட்டது விழித்திருங்கள் என்பதைத்தான், அவர்கள் நித்திரையாகிப் போனார்கள். நீங்கள் விழித்திருக்கிறீர்கள். அவர் விரும்பினால் அருள்நிறை மந்திரத்தை மெதுவாகச் சொல்லுங்கள், "இப்பொழுதும் எங்கள் இறப்பின் வேளையிலும்" என்ற இடத்தில் அவருடைய உதடும் அசையும். வாழ்நாளில் எத்தனை ஆயிரம் தரம் அதைச் சொல்லியிருப்பார்! 1711 சனவரி 16 அன்று கண்டியில் இறந்த புனித யோசேப்பு வாஸ் அடிகளார் கடைசியாகச் சொன்ன புத்திமதி, உயிரோடிருக்கும்போது செய்யாமல் விட்டதைச் சாகும்போது செய்வது லேசல்ல என்பது. எல்லாரும் அதை எச்சரிக்கையாகத்தான் எடுப்பார்கள். நான் அதைத் திருப்பிப் போட்டும் பார்க்கிறேன்: உங்கள் அப்பா செய்யாமல் விடவில்லை. மூளை களைத்துப் பயம் மூடுகிற நேரத்திலும் அந்தப் பழக்கம் அவரைத் தூக்கும். தன் பெயரை மறந்த ஒரு அம்மா செபமாலையை ஒரு மணி பிசகாமல் சொன்னதை நான் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறேன்.

கடைசி நாட்களில் என்ன வரும் என்று தெரிந்திருந்தால் உங்களுக்குப் பதற்றம் குறையும். சாப்பாடு குறையும், பிறகு நிற்கும், வற்புறுத்தித் தீத்தவேண்டாம், அது பட்டினியால் வருகிற சாவு அல்ல, உடம்பு மூடிக்கொண்டு வருகிறது. கூட நித்திரை கொள்வார். கைகால் குளிரும். மூச்சு நின்று நின்று வரும், தொண்டையில் கரகரப்பு வரும், பார்க்கிற எங்களுக்குத்தான் அது பயங்கரம், அவருக்குப் பெரும்பாலும் தெரியாது. சொந்தக்காரர் பால் பருக்க வருவார்கள், விழுங்க முடியாத நேரத்தில் கரண்டியால் ஊற்றினால் புரைக்கேறும், பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றச் சொல்லுங்கள், எல்லாரும் செய்த ஆறுதலும் கிடைக்கும். காது கடைசிவரை கேட்கக்கூடும் என்பதால் கட்டிலுக்குப் பக்கத்தில் காணிக் கதை வேண்டாம். அழுகை வந்தால் அழுங்கள். லாசரை எழுப்பப்போகிறேன் என்று தெரிந்துகொண்டே இயேசு கல்லறைக்கு முன்னால் அழுதார்.

அண்ணா கனடாவிலிருந்து எப்போது வருவது நல்லது என்று கேட்டிருந்தீர்கள், லீவும் காசும் ஒரு தரத்துக்குத்தான் கட்டும் என்று. இப்போது வரச் சொல்லுங்கள். உடம்பை ஐஸில் வைத்து மூன்று நாள் அண்ணாவுக்காகக் காத்திருப்பதைவிட, அப்பா அவரை அடையாளம் கண்டு, "வந்திட்டியா தம்பி" என்று கேட்கிற நாளில் அவர் அந்த அறைக்குள் நிற்கவேண்டும். அடக்கத்தை அவர் போனில் பார்க்கலாம்.